வாதக் கட்டுரை எழுதுவது எப்படி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் இளங்கலை இறுதியாண்டிலும் முதுகலையிலும் படிப்பவர்கள் கருத்தரங்கக் கட்டுரையோ பருவக் கட்டுரையோ எழுத உட்காரும்போது கேட்கும் ஐயங்கள், பாடம் எதுவானாலும், பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்குப் பல இடங்களில் ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். 2023இல் தமிழ்நாடு அரசு, நீலகிரி, தர்மபுரி ஆகிய இரு மாவட்டங்களில் முன்னோடித் திட்டமாக, விரும்பும் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. இதைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டுரைன்னாலே கருத்து சொல்றதுதானே? வாதக் கட்டுரைன்னு தனியா என்ன இருக்கு?

செய்திகளைத் திரட்டி வரிசைப்படுத்தித் தருவது விளக்கக் கட்டுரை. விஷயம் தெரிந்த, நியாயமான ஒருவர் மறுக்கக்கூடிய ஒரு முடிவை முன்வைத்து, அவரும் ஏற்கும் வகையில் அதை நிறுவ முயல்வது வாதக் கட்டுரை. ‘கேழ்வரகின் பயன்கள்’ என்று எழுதினால் எதிர்க்க ஒருவரும் வரமாட்டார். ‘தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகின் அளவை 2 கிலோவுக்கு மேல் உயர்த்த வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள்: செலவு கட்டுப்படியாகாது என்பவர், விளைச்சல் போதாது என்பவர், மக்களுக்கு அரிசிதான் வேண்டும் என்பவர் எனக் குறைந்தது மூவர் எழுந்து நிற்பார்கள். அந்த மூவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுவதே வாதக் கட்டுரை.

கருத்துச் சொல்பவர் தான் என்ன நினைக்கிறார் என்பதைத் தெரிவித்தால் போதும். வாதிடுபவரோ, தன்னைப்போல் நினைக்காத ஒருவர் ஏன் தன் முடிவுக்கு வரவேண்டும் என்பதைக் காட்டக் கடமைப்பட்டவர்.

நான் எடுத்த தலைப்பு சரியான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில், உங்கள் முடிவை எதிர்மறையாக மாற்றி, அதைச் சொல்லக்கூடிய விவேகமுள்ள மனிதர் ஒருவர் இருப்பாரா என்று கேளுங்கள். ‘நீர்வளத்தைப் பாதுகாக்க வேண்டும்’ என்பதைத் திருப்பினால் ‘பாதுகாக்க வேண்டாம்’ என்று வருகிறது. அப்படிச் சொல்பவர் யாரும் இல்லை என்பதால் அந்தத் தலைப்பில் வாதம் இல்லை.

அடுத்து, உங்கள் கைக்கெட்டும் சான்றுகளைக் கொண்டு, பத்துப் பக்கத்துக்குள், அந்த முடிவை நிறுவ முடியுமா என்று பாருங்கள். ‘கிருஷ்ணகிரி மாம்பழமும் உலகச் சந்தையும்’ என்பது ஆளை விழுங்கும் தலைப்பு. ‘கிருஷ்ணகிரி மா விவசாயிகள் பெங்களூரா ரகத்தைப் பெரிதும் நம்பியிருப்பதால் விலைச் சரிவின்போது கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள்’ என்பது அளவான தலைப்பு. பெங்களூரா பெரும்பாலும் கூழ்த் தொழிற்சாலைகளுக்கே போகிறது. வாங்குபவர் சிலர், விற்பவர் பலர். காவேரிப்பட்டணத்துக்குப் பேருந்தில் போய் மண்டிக்காரரையும் தோட்டக்காரரையும் கேட்டு எழுதலாம். சென்னை நூலகத்தில் மட்டும் கிடைக்கும் ஆவணத்தை நம்பித் தலைப்பெடுப்பவர் கடைசி வாரத்தில்தான் திண்டாடுவார்.

மையக் கருத்தை எங்க எழுதணும்? எத்தனை வரி?

முதல் பக்கத்துக்குள், ஓரிரு வாக்கியத்தில் எழுதவேண்டும். என்ன சொல்கிறீர்கள் என்பதோடு, எந்தக் காரணத்தால் சொல்கிறீர்கள் என்பதும் அதில் இருக்கவேண்டும். ‘கேழ்வரகு வழங்கல் நல்ல திட்டம்’ என்பதில் காரணம் இல்லை. ‘கேழ்வரகு வழங்கலின் முதன்மைப் பயன் மானாவாரி விவசாயிக்கு நிலையான ஒரு கொள்முதலாளர் கிடைப்பதே, அதனால் அளவை உயர்த்துவதைவிட உள்ளூர்க் கொள்முதலை உறுதிசெய்வது முந்தியது’ என்பதில் முடிவும் காரணமும் முன்னுரிமையும் தெரிகின்றன. இதைப் படித்தவுடன், அடுத்து வரும் பக்கங்களில் என்ன எதிர்பார்க்கலாம் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது.

முன்னுரையில திருக்குறளோ பாரதியார் வரியோ போடணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்களே?

பள்ளித் தேர்வில் அதற்கு ஒரு பயன் இருந்தது. கல்லூரிக் கட்டுரையில், அந்த வரி உங்கள் வாதத்தில் ஏதேனும் வேலை செய்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். வேளாண்மை என்ற சொல் தலைப்பில் வந்தாலே ‘உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார்’ என்று தொடங்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து, அந்த அருமையான குறளின்மீதே எனக்குச் சற்றுச் சலிப்பு வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஒரு சிக்கலைச் சொல்லித் தொடங்குவதே நல்லது: என்ன நடக்கிறது, அதில் எது இன்னும் தீராமல் இருக்கிறது, அதற்கு நீங்கள் தரும் விடை என்ன. மூன்றும் ஒரே பத்தியில் அடங்கும்.

சான்று பக்கம் பக்கமாக் கொடுத்தேன். ஆனாலும் ‘வாதம் இல்லை’ன்னு சிவப்பு மையில எழுதிட்டாங்க. ஏன்?

சான்றுக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. பெரும்பாலான கட்டுரைகளில் காணாமல்போவது அந்தப் படிதான். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை இயலைச் சொல்லிக்கொடுக்கும்போது, வாதத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்து உறுப்புகள் கூறப்படுகின்றன. ‘இம்மலை நெருப்புடையது’ என்பது பக்கம். ‘புகை உடையதாதலால்’ என்பது ஏது. ‘அடுக்களை போல’ என்பது திட்டாந்தம். அதை இம்மலைக்குப் பொருத்துவது உபநயம், முடிவை மீண்டும் நாட்டுவது நிகமனம். புகை இருக்கிறது என்று பத்துப் பக்கம் எழுதினாலும், புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதைக் காட்டாதவரை மலையில் நெருப்பு இருப்பது நிறுவப்படுவதில்லை. ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோதும், சான்றிலிருந்து முடிவுக்குப் போக அனுமதி தருவது எது என்ற கேள்வியையே நடுவில் வைத்தார்.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இந்தச் சான்றைக் கொடுத்துவிட்டு, ‘ஆகவே ரேஷன் கேழ்வரகு கால்சியம் குறைபாட்டைத் தீர்க்கும்’ என்று எழுதினால், நடுப்படி விடுபட்டுவிட்டது. மாதம் 2 கிலோ கேழ்வரகை நால்வர் கொண்ட குடும்பம் உண்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 57 மில்லிகிராம் கால்சியமே கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1,000 மில்லிகிராம். அந்த 57இலும், தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் காரணமாக ஒரு பகுதி உடலில் சேராது. முளைகட்டி மாவாக்கினால் இந்தத் தடை குறையும். இவ்வளவையும் கணக்கிட்ட பிறகு ‘தீர்க்கும்’ என்ற சொல்லை எழுதக் கை வராது. ‘சிறு அளவில் உதவும்’ என்று வேண்டுமானால் எழுதலாம். முடிவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைச் சான்றுதான் தீர்மானிக்கவேண்டும். எழுதுபவரின் ஆசை தீர்மானிக்கக்கூடாது.

எந்த மாதிரி சான்று செல்லும்? செய்தித்தாள், யூடியூப் எல்லாம் போடலாமா?

ஒரு செய்தி எங்கிருந்து கிளம்பியதோ, அந்த இடம்வரை போய்ப் பாருங்கள். செய்தித்தாள் ஒரு புள்ளிவிவரத்தைத் தந்தால், அதை வெளியிட்ட துறையின் அறிக்கையைத் தேடி எடுத்து அதையே மேற்கோள் காட்டுங்கள். யூடியூப் காணொளியில் பேசுபவர் சொல்வது அவர் சொன்னதற்கு மட்டும்தான் சான்று.

ஆவணம் அதிகாரபூர்வமானதாகவே இருந்தாலும், அது எதை அளந்தது என்று பார்க்கவேண்டும். நம் மாவட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளம் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். ஆகவே 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்று இருப்பது இன்றைய இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த நிலப்பரப்பு. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 28.5 லட்சம். 2011 கணக்கெடுப்பின் தர்மபுரியிலோ 15,06,843 பேர். இரண்டையும் அருகருகே வைத்து ‘பத்தாண்டுகளில் பாதி மக்கள் பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்துவிட்டனர்’ என்று ஒருவர் எழுதினால், இரண்டு எண்களும் சரியாகவே இருக்கும், வாதம் மட்டும் முழுக்கத் தவறாக இருக்கும். எழுத்தறிவு, பாலின விகிதம், சாகுபடிப் பரப்பு எதை ஒப்பிட்டாலும் எல்லை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1965க்கு முந்தைய ஆவணங்களில் இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்துக்குள் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சான்றின் வயதையும் குறிப்பிடுங்கள். 2011இல் தர்மபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்தில் அதுவே மிகக் குறைவு. அதை ‘இன்று தர்மபுரியில்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். ‘2011 கணக்கெடுப்பின்படி’ என்று எழுதினால் உண்மையாகவே நிற்கும்.

ஒண்ணு நடந்த பிறகு இன்னொண்ணு நடந்துச்சுன்னா, அதுதான் காரணம்னு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் காலவரிசை மட்டும் போதாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. அந்த நீரை நெடுநாள் குடிப்பதால் பற்களிலும் எலும்புகளிலும் உண்டாகும் பாதிப்பே ஃப்ளூரோசிஸ். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். காவிரி நீரைக் கொண்டுவரும் இந்தத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ‘திட்டம் வந்த பிறகும் முதியவர்களின் வளைந்த கால்கள் அப்படியே இருக்கின்றன, ஆகவே திட்டம் தோல்வி’ என்று ஒருவர் எழுதலாம். எலும்பில் ஏறிய பாதிப்பு நீர் மாறியதால் நீங்கிவிடாது என்பதை அவர் கவனிக்கவில்லை. மாறாக, ‘குடிநீர் வந்துவிட்டது, ஆகவே ஃப்ளூரோசிஸ் ஒழிந்தது’ என்று எழுதுபவரும் அதே தவற்றைத்தான் மறுபக்கத்திலிருந்து செய்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான சான்று எங்கே இருக்கிறது? பற்களில் கறை உண்டாவது, நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள். ஆகவே திட்டத்துக்குப் பிறகு பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நிலைப்பற்களைத்தான் பார்க்கவேண்டும். அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் உண்மையிலேயே காவிரி நீர் பயன்படுகிறதா, குழாயில் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீருக்குத் திரும்பிவிடுகிறார்களா என்றும் கேட்கவேண்டும். நீர் தடையின்றி வரும் ஊரையும் விட்டுவிட்டு வரும் ஊரையும் ஒப்பிட்டால், காரணத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு ஓரளவு உரிமை வருகிறது. இதையெல்லாம் ஒரு பருவக் கட்டுரைக்குள் நேரில் அளந்துவிட முடியாது. ஆனால், கிடைக்கும் சான்று எதுவரை செல்லும் என்று சொல்ல இந்தத் தெளிவு வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்றதை நானே எழுதினா என் கட்டுரை பலவீனமாயிடாதா?

எழுதாவிட்டால்தான் பலவீனம், படிப்பவருக்கு அந்த எதிர்ப்பு ஏற்கெனவே தோன்றியிருக்கும். நம் இலக்கண மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய மதங்கள், அதாவது கொள்கைகள், ஏழு என்கிறார்: பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு சேராது தன் கருத்தையே கொள்ளுதல். இந்த ஏழில் ஆறு, பிறர் சொன்னதையோ சொல்லக்கூடியதையோ எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றியவை என்றே நான் எண்ணுகிறேன்.

எதிர்த்தரப்பின் மிகப் பலவீனமான பேச்சை எடுத்து உடைப்பதில் பயனில்லை. கேழ்வரகுக்கு எதிரான வலுவான வாதம் விலை பற்றியது: 2023-24இல் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்குக் கேழ்வரகு 3,846 ரூபாய், சாதாரண நெல் 2,183 ரூபாய். பார்த்தவுடன் பெரிய இடைவெளி. ஆனால் ரேஷனில் கொடுப்பது நெல்லை அல்ல, அரிசியை. 100 கிலோ நெல் அரைத்தால் 67, 68 கிலோ அரிசியே தேறும். ஆகவே ஒரு குவிண்டால் அரிசிக்கான நெல்லின் விலையே ஏறத்தாழ 3,200 ரூபாய் ஆகிறது, அரவைக் கூலி தனி. இப்போது இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது, ஆனால் மறைந்துவிடவில்லை. மிஞ்சியிருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். ‘இந்தக் கூடுதல் செலவு உண்டு, மானாவாரி விவசாயிக்கு அது தரும் பயனுக்காக அதை ஏற்கலாம்’ என்று சொல்பவரை, செலவே இல்லை என்று சாதிப்பவரைவிட நம்ப முடிகிறது.

அதைக் கட்டுரையில எந்த இடத்துல வைக்கிறது?

கடைசிப் பத்திக்கு முன்னால் ‘எனினும் சிலர் கூறுவர்’ என்று ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு எதிர்ப்பும் எந்தக் கூற்றின்மீது எழுகிறதோ அந்தக் கூற்றை ஒட்டியே அதைச் சந்திப்பது நல்லது. ஒரே ஒரு பெரிய எதிர்ப்பு, மொத்த முடிவையே அசைப்பது, இருந்தால் மட்டும் அதைத் தனிப் பகுதியாக்குங்கள்.

‘இருக்கலாம்’, ‘பெரும்பாலும்’னு எழுதினா பயந்து எழுதுற மாதிரி தெரியாதா?

சான்று அவ்வளவுதான் அனுமதிக்கிறது என்றால், அப்படி எழுதுவது துல்லியம். பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வை நினைத்துப் பாருங்கள். அங்கே இரும்பு கிடைத்த அடுக்கிலிருந்து எடுத்த கரிமப் பொருளின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இதிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் நான்கு கூற்றுகளை எழுதலாம். ஒன்று, மயிலாடும்பாறையின் அந்த அடுக்கு அவ்வளவு பழையது. இரண்டு, அக்காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் இரும்பைப் பயன்படுத்தினர். மூன்று, தமிழ்நாட்டில் இரும்பின் காலம் முன்பு கருதியதைவிடப் பழையது. நான்கு, உலகில் இரும்பை முதலில் கண்டவர்கள் இங்கிருந்தவர்களே. முதல் கூற்று ஆய்வகம் தந்தது. இரண்டாவதற்குப் போக, கரியும் இரும்பும் ஒரே காலத்தவை என்று காட்டவேண்டும், ஏனென்றால் காலம் கணிக்கப்பட்டது கரிமப் பொருளுக்குத்தான். மூன்றாவதற்குப் பிற இடங்களோடு ஒப்பிடவேண்டும். நான்காவதை ஒரு தளத்தின் சான்று தாங்காது.

2025 ஜனவரியில், சிவகளை முதலிய இடங்களின் சான்றுகளைக் கொண்டு, இரும்பின் காலம் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. 2023இல் மூன்றாவது கூற்றோடு நிறுத்திக்கொண்டவரின் கட்டுரை இதனால் மேலும் வலுப்பெற்றது. ‘மயிலாடும்பாறையே தமிழகத்தின் முதல் இரும்பு’ என்று அடித்து எழுதியவர் திருத்தவேண்டியதாயிற்று. மற்றபடி, எல்லா வாக்கியத்திலும் ‘இருக்கலாம்’ என்று தெளிப்பதும் வேண்டியதில்லை. உறுதியான இடத்தில் உறுதியாகவே எழுதுங்கள்.

நான் தமிழ் இலக்கியம். எனக்குப் புள்ளிவிவரமே கிடையாதே, எதைச் சான்றா வைக்கிறது?

பாடலின் சொற்களே சான்று. நம் தகடூர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போய்ப் பாடியதாகச் சொல்லப்படும் புறநானூறு 95ஐ எடுத்துக்கொள்வோம். ‘இவ்வே’ என்று சுட்டப்படும் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. ‘அவ்வே’ என்று சுட்டப்படுபவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. தொண்டைமானைப் புகழ்வதுபோல் பழித்தார் என்பதே வழக்கமான விளக்கம்.

இங்கேதான் வாதத்துக்கு இடம் திறக்கிறது. தொண்டைமான் பெயரோ அதியமான் பெயரோ பாடலுக்குள் இல்லை. ஔவை தூது போனதும், தொண்டைமான் படைக்கலக் கொட்டிலைக் காட்டியதும் பாடலின் அடியில் உள்ள குறிப்பிலிருந்து தெரிபவை. ஆகவே ‘பாடலில் எள்ளல் உள்ளது’ என்பதற்குப் பாடலின் சொல்லமைப்பைச் சான்றாக்கலாம். ‘அந்த எள்ளல் தொண்டைமான்மீது’ என்பதற்கு அடிக்குறிப்பை நம்பவேண்டும், அதை ஏன் நம்பலாம் என்றும் சொல்லவேண்டும். மேலே மயிலாடும்பாறையில் பார்த்த படிகள்தாம் இங்கும். எந்தச் சான்று எந்தக் கூற்றைத் தாங்குகிறது என்று பிரித்துக் காட்டியவுடன், உரையாசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கட்டுரை உங்கள் கட்டுரையாகிவிடும்.

எங்க ஊர்ல நானே கண்ணால பார்த்தது சான்றாகாதா?

ஆகும், அது நடக்கிறது என்பதற்கு. எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதற்கு ஆகாது. உங்களோடு பத்தாம் வகுப்பில் படித்த பெண்ணுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் நடந்ததை நீங்கள் அறிந்திருக்கலாம். சட்டம் இருந்தும் அது நடக்கும் விதத்தை, யார் பேசி முடிக்கிறார்கள், பள்ளி எப்போது நிற்கிறது என்பதை, எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் தெளிவாக உங்களால் விவரிக்க முடியும். அந்த வலிமையைப் பயன்படுத்துங்கள். ஆனால் ‘எங்கள் வட்டத்தில் பெரும்பாலான பெண்களுக்கு’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு வேறு ஆதாரம் வேண்டும். சம்பந்தப்பட்டவரின் பெயரையும் ஊரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். கோபமோ வருத்தமோ கட்டுரையில் தெரிவதில் பிழையில்லை, சான்று இருக்கவேண்டிய இடத்தை அது நிரப்பாதவரை.

ரெண்டு பக்கமும் நியாயம்னு தோணுதே. நடுநிலையா முடிச்சுடலாமா?

‘இரண்டிலும் நன்மை தீமை உண்டு’ என்று முடிப்பது எந்த முடிவுக்கும் வராமல் எழுந்து போவது. முன்பு சொன்ன ஏழு மதங்களில் ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ என்பதை மறுபடி பாருங்கள்: துணியவேண்டும். எந்தச் சூழலில் ஒரு தரப்பு சரி, எந்தச் சூழலில் மற்றது சரி என்று பிரித்துக் காட்டினால் அதுவும் ஒரு துணிவுதான். கேழ்வரகு விளையும் பென்னாகரத்துக்கு ஒரு விடையும் நகரக் கூலித் தொழிலாளர் நிறைந்த ஓசூருக்கு வேறு விடையும் இருக்கலாம்.

குடிமைப் பணித் தேர்வுக் கட்டுரைக்கும் இதே முறையா?

அடிப்படை ஒன்றே. அங்கே மூன்று மணி நேரத்தில், ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்களில், இரண்டு கட்டுரைகள் எழுதவேண்டும்; தமிழிலும் எழுதலாம். மேற்கோள் சரிபார்க்க வழியில்லை என்பதால், உறுதியாகத் தெரிந்த சில சான்றுகளை நன்றாகப் பயன்படுத்துவதே வழி.

பத்து சதவீதம் வரைக்கும் காப்பி அடிக்கலாமாமே?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளில், பிற எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை என்று இருப்பது உண்மை. பொதுவழக்குத் தொடர்கள் தற்செயலாக ஒத்துப்போவதற்காகத் தரப்பட்ட இடம் அது. பிறர் கருத்தை எடுக்கக் கொடுத்த அனுமதி ஆகாது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி, மூலத்தைச் சொல்லாமல் வைப்பதை எந்த மென்பொருளும் பிடிக்காமல் போகலாம், அப்போதும் அது திருட்டுதான்.

நடைமுறையில் ஒரு வழி உதவும். படித்ததை மூடிவைத்துவிட்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபார்த்து, யாருடைய கருத்து என்பதை அங்கேயே குறியுங்கள். ‘அப்புறம் அடிக்குறிப்புப் போட்டுக்கொள்ளலாம்’ என்று விட்டவை திரும்பக் கிடைப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டு எழுதலாமா?

உங்கள் துறையின் விதி என்னவென்று நெறியாளரிடம் முதலில் கேளுங்கள். அனுமதி இருந்தால், கட்டுரையை எழுதச் சொல்வதைவிட, உங்கள் முடிவை எதிர்த்து வாதிடச் சொல்வது பயன் தரும். எதிர்த்தரப்பை நீங்களே கற்பனை செய்வது கடினம். அது தரும் நூற்பெயர்களையும் எண்களையும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் எழுதிவிடாதீர்கள், இல்லாத நூலை இருப்பதுபோல் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. வாய்மொழித் தேர்வில் ‘இந்தக் கூற்றுக்கு எப்படி வந்தீர்கள்’ என்று கேட்கும்போது உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்தான்.

முடிவுரையில என்ன எழுதறது? சொன்னதையே திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கு.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘கூறியது கூறல்’ ஒன்று, போகப்போக வலுவிழந்து முடியும் ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னொன்று. நம் முடிவுரைகள் பல இரண்டையும் ஒருசேரச் செய்கின்றன. உங்கள் முடிவு சரியென்றால் அடுத்து என்ன செய்யவேண்டும், எது இன்னும் ஆராயப்படாமல் இருக்கிறது என்பதை எழுதுங்கள். சொல்ல அப்படி ஒன்றும் இல்லையென்றால் நான்கு வரியில் நிறுத்திவிடலாம்.

பாதி எழுதின பிறகு என் முடிவே தப்புன்னு தோணுது. நாள் வேற இல்லை. என்ன பண்றது?

முடிவை மாற்றுங்கள். கால்சியம் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர், திரட்டிய சான்றுகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. சத்துக்குறைபாட்டை மையமாக வைத்துத் தொடங்கியவர், அந்தக் கணக்கையே ஒரு பத்தியாக வைத்து, ‘சத்து என்ற காரணம் மட்டும் இத்திட்டத்தைத் தாங்காது’ என்று காட்டிவிட்டு, கொள்முதல் பக்கம் திரும்பலாம். மேலே மையக் கருத்துக்கு எடுத்துக்காட்டாகத் தந்த வாக்கியம் அப்படித் திரும்பிய பிறகு எழுதக்கூடியதுதான்.

தலைப்பையும் முதல் பக்கத்தையும் கடைசியாகத் திருத்துங்கள். நெறியாளரிடம் முன்பே தலைப்பைப் பதிவு செய்திருந்தால், மாறியதையும் மாற்றிய கணக்கையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஒப்படைக்கும் நாளுக்கு முன்னரே போய்ப் பாருங்கள்.